நிழலைக் கூண்டில் விட்டுப் பறந்த பாறு

எருவையூர்க் கூண்டில் பிறந்த முதற்பாறு விடுவிக்கப்பட்ட நாளில், பறவை வெளியே போயிற்று. அதன் நிழல் போகவில்லை. கம்பிக்கதவு திறந்ததும் அந்தப் பிணந்தின்னிக் கழுகு சற்றே தயங்கி, வாசற்கட்டையின் மேல் ஏறி நின்று, மலைக்காற்று மார்புத் தூவியைக் கோதியதும் சிறகுகளை விரித்து, வேலமரங்களுக்கு மேலாக எழுந்து, எருவைநாதர் கோயில் கோபுரத்தை வலமாகச் சுற்றத் தொடங்கிற்று. கீழே, கூண்டின் சிமெண்டுத் தரையில், அது கடைசியாக நின்ற இடத்தில், நிழல் மட்டும் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பறவையை வளர்த்த கால்நடை மருத்துவர் கமலவேணி அதை முதலில் எண்ணெய்க் கறை என்று கருதி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் ஓடிற்று. நிழல் நனையாமல் எழுந்து, இரண்டடி தள்ளிப் போய், மறுபடியும் உட்கார்ந்தது.

ஊர் இதைக் கேட்டு வாய்பிளக்கவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்து வராத செய்தியை எவ்வாறு கேட்போமோ அவ்வாறே கேட்டோம்.

"நிழல் கூண்டிலேயே இருக்குதாமா?" என்றார் தேநீர்க்கடை பெஞ்சில் ஒருவர்.

"மொத தடவ வெளியூர் போறவன் பையை மறந்துட்டுப் போறதில்லீங்களா? அந்த மாதிரிதான்."

"பையை மறக்கலாமுங்க. நிழலை எப்படி மறக்கறது?"

"உங்க மாப்பிள்ளை பொண்டாட்டியவே பஸ் ஸ்டாண்டுல மறந்துட்டு வந்தாரே, அதை விடவா?"

பெண்கள் விளக்கேந்திக் கூண்டைச் சுற்றி வந்தனர். பள்ளி ஆசிரியை பிள்ளைகளை அழைத்து வந்து நிழலின் ஓரத்தைச் சாக்கட்டியால் வரையச் செய்தார். காலையில் நீண்டும் உச்சியில் குறுகியும் மாலையில் சுவரேறியும் அது இடம் மாறிக்கொண்டே இருந்தமையால், வெள்ளைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தரை முழுவதும் சிக்குக் கோலம் போலாயிற்று. கூண்டில் எஞ்சியிருந்த மற்றொரு பாறு அந்த நிழலை மிதியாமல் ஒதுங்கி நடந்தது. கதவு திறந்தே கிடக்க வேண்டும் என்பதற்காக அந்த இரண்டாவது பறவையை உட்கூண்டிற்கு மாற்றினார் கமலவேணி. திறந்த கதவருகே நிழல் போகும், வெயில் விழும் விளிம்பு வரை போகும், மலையை ஒருமுறை பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டும், திரும்பிவிடும்.

அது எதை அஞ்சித் திரும்பிற்று என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்லோம். அறியாதவர்போல் இருக்கக் கற்றிருந்தோம்.

எருவைநாதரை முதன்முதற் பூசித்தது ஒரு பாறு என்பது எங்கள் தலத்தின் நம்பிக்கை; எருவை என்பதும் பாறின் பெயர்தான். ஆதலால் கோயில் கோசாலையில் ஒரு பசு இறந்தால் அதனை எங்கள் ஊரில் புதைப்பதில்லை. மஞ்சள் நீராட்டி, மாலை சூட்டி, பறை முழங்க மலைமேல் சுமந்து சென்று, உச்சிக்குக் கீழுள்ள பாறைத்தட்டில் கிடத்துவோம். பாறுபடி என்று அதற்குப் பெயர். நாளும் இறைவனுக்குச் சோறு படைப்பதைப் போலவே அதையும் படைத்தோம். அதற்குக் கைம்மாறாகப் பறவைகளிடம் நாங்கள் எதிர்பார்த்தது ஒன்றே: குடமுழுக்கு நாளில் பாறின் நிழல் கோபுரக் கலசத்தைத் தீண்ட வேண்டும், தீண்டும் கணத்தில்தான் குருக்கள் கும்பநீரைச் சொரிவார். வேறு ஊர்களில் கருடன் வானில் வட்டமிட்டாலே போதும். எங்கள் ஊரில் நிழல் தொட வேண்டும்.

பிறகு வலி ஊசி வந்தது. முழங்கால் வீங்கிய கிழப்பசு, அதிகாலைக் கோபூசைக்கு எழ மாட்டாமல் கண்ணீர் வடித்துக் கிடக்கையில், ஓர் ஊசி போட்டால் சற்று நேரத்தில் எழுந்து நின்றது. பட்டுத் துணியும் குங்குமமும் ஏற்றுக்கொண்டு சந்நிதி வரை நடந்தது. அருள் என்றே அதனைச் சொன்னோம். அந்த மருந்து இறந்த பசுவின் தசையில் தங்கிவிடும் என்பதும், அதை உண்ணும் பாறின் சிறுநீரகம் கெட்டுவிடும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியவை கண்முன்னேதான் இருந்தன. பாறுகள் மருதமரக் கிளைகளில் கழுத்தைத் தொங்கவிட்டு, அலகு மார்பில் படிய, பறவாமல் உண்ணாமல் அமர்ந்திருந்தன. அவை எருவைநாதரை வணங்குகின்றன என்று நாங்கள் எண்ணினோம். அந்த வணக்கத்தைக் காண வெளியூர்களிலிருந்து அடியார்கள் வந்தனர், மரத்தடியில் சூடம் ஏற்றினோம், பாடினோம், ஒவ்வொன்றாக அவை பொத்தென்று விழுந்தபோது முத்தி பெற்றன என்று பட்டுப் போர்த்தினோம். விழ வேண்டியவை விழுந்து முடிந்த பின் வானம் வெறுமையாயிற்று. குடமுழுக்கு நாள்கள் வந்தன, போயின. கோபுரத்தில் அரசமரம் முளைத்தது.

அந்நிலையில்தான் கமலவேணி வந்தார். தொலைவிலுள்ள ஒரு காப்பகத்திலிருந்து ஓர் இணைப் பாறுகளைக் கொண்டுவந்து, மலையடிவாரத்தில் மரமும் பாறையும் உள்ளடங்கிய பெருங்கூண்டு கட்டி, அவை கூடு கட்டும்வரை பொறுத்திருந்தார். பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அதை எடுத்து அடைகாக்கும் பெட்டியில் வைத்துவிட்டால் தாய் இன்னொன்று இடும். அந்த வகையில் பெற்றவைதான் அவ்விரு குஞ்சுகளும்; தாயும் தந்தையும் பின்னர்க் காப்பகத்திற்கே திரும்பின. பெட்டியில் பொரித்த மூத்ததற்கு, இப்போது விடுவித்ததற்கு, தாய்ப்பறவையின் தலைபோல் தைத்த துணியுறையைக் கையில் மாட்டிக்கொண்டு திரைக்குப் பின்னிருந்து இறைச்சி ஊட்டினார். அதன் கண்ணில் மனித முகம் படவே கூடாது என்பது அவர் விதித்த விதி. படியளக்கும் கை மனிதக் கை என்று தெரிந்தால் அது மனிதரை நம்பிவிடும் என்றார்.

விடுவிப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தர்மகர்த்தா செங்கோடன் அதற்கு நடுச்சந்நிதியில் நின்று விடை சொன்னார்: "ஊசி நின்னு போச்சுங்க டாக்டரம்மா. எருவைநாதர் சாட்சி." ஊரே உடன் நின்று தலையசைத்தது. பறவைக்குத் தீங்கு செய்யாத மாற்று மருந்தைக் கமலவேணி முன்பே கோசாலைக்குக் கொடுத்திருந்தார்; அது மெதுவாகத்தான் வேலை செய்யும். செங்கோடன் குடமுழுக்கு நாளைக் குறித்தார். அதற்குச் சில நாள் முன்பாகக் கதவைத் திறக்கச் சொன்னார்.

இப்போது பறவை வானத்திலும் நிழல் கூண்டிலுமாக இருந்தன. பாறு விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. விடியலில் எழுந்து பார்த்தால் சுற்றியது. மாலை விளக்கேற்றும்போதும் சுற்றியது. கமலவேணி தூய ஆட்டிறைச்சியை ஒரு பையில் இட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, அண்ணாந்த முகத்தோடு, அது எங்கே இறங்கக்கூடும் என்று ஊரெல்லாம் நடந்தார். அந்த இறைச்சி நாள்தோறும் வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்தது.

"சுத்துதில்லீங்களா, அது போதும். குடமுழுக்கு வரைக்கும் சுத்தட்டும்," என்றார் செங்கோடன்.

"அது ஆசைப்பட்டுச் சுத்தலைங்க. இறங்கத் தெரியாமச் சுத்துது."

"இறங்கறதுக்கு என்னங்க தெரியோணும்?"

"மேலேயிருந்து பறவை வரும், கீழேயிருந்து நிழல் வரும். ரெண்டும் சேர்ற இடந்தான் அதுக்குத் தரை. இதை எதிர்கொண்டு வர நிழல் இல்லை. தரை எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியலை."

"பாறு பல நாள் பட்டினி கெடக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கிடக்கும்ங்க. பறந்துக்கிட்டே கிடக்காது. ஒருநாள் அப்படியே விழுந்துரும்."

செங்கோடன் கெட்டவர் அல்லர். சுவாமியின் கோபுரம் மரம் முளைத்துப் பிளந்து கிடப்பதைத் தம் உடம்பிலுள்ள புண்ணாகச் சுமந்தவர். "குடமுழுக்கு ஆகட்டுமுங்க. அப்புறம் எல்லாம் சரியாப் போயிரும்," என்று சொல்லிவிட்டு, தச்சர் வீட்டுக்குப் போனார்.

குடமுழுக்கு நாள் விடிந்தது. கோபூசைக்கு நிறுத்திய பசு கோசாலையிலேயே மூத்தது, பூசை முடியும்வரை நின்றது, தீபாராதனை கண்டது, பின் முன்னங்கால்களை மடித்துச் சாய்ந்து, எழவேயில்லை. இறைவன் திருமுன்னர், இந்நாளில், இந்நேரத்தில் உயிர் விடுவதற்கு என்ன தவம் செய்ததோ என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பறை முழங்கிற்று. இளவட்டங்கள் அதனைத் தூளிகட்டி மலைமேல் கொண்டுபோய்ப் பாறைத்தட்டில் கிடத்தி வந்தனர்.

"படி வெச்சாச்சு. இனிப் பாறு தானா இறங்கும்," என்று சொன்னார்கள். சொன்னவர்களும் கேட்டவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஈசானக் குருக்கள் கும்பத்தைத் தோளில் ஏந்திச் சாரத்தின் வழியே கோபுரத்தின் மேல் ஏறினார். மந்திரம் ஊரெங்கும் கேட்க வேண்டும் என்று அவர் காதோரத்தில் சிறிய மைக் ஒன்றை மாட்டியிருந்தார்கள். பேருந்து நிலையம் கடந்து கூண்டு வரைக்கும் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. முகூர்த்தம் வந்தது. வானத்தில் பாறு சுற்றிற்று. முன்னிலும் தாழ்ந்து, சிறகு நடுங்கிச் சுற்றிற்று. சூரியன் அதன் மேல் காய்ந்தது. கலசத்தின் மேல் ஒன்றும் விழவில்லை. குருக்கள் மந்திரத்தை மறுபடியும் தொடங்கினார்.

அப்போது கலசத்தின் மேல் ஒரு நிழல் படிந்தது.

கூட்டம் கூவிற்று; கைகள் உயர்ந்தன; குலவை எழுந்தது. குருக்கள் கும்பத்தைச் சாய்க்கப் போனவர் சாய்க்கவில்லை. சாரத்தின் உச்சியில், மூங்கில் நுனியில் கட்டி, இரண்டு பேர் ஆட்டிக்கொண்டிருந்த பலகையை அவர் பார்த்துவிட்டார். தச்சர் பிளைவுட்டில் பாறு செய்திருந்தார்; இறகுகளைக்கூடத் தனித்தனியாக இழைத்திருந்தார்.

"செங்கோடா," என்று ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரே குரலில் கேட்டன, "இது எதோட நிழல்?"

குலவை நின்றது. கீழேயிருந்து செங்கோடன் கையைக் குவித்துக் கத்தினார்: "ஊத்துங்க சாமி! முகூர்த்தம் போகுது!"

"ஆணி தெரியறதேப்பா."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சற்றே இலேசாக இருந்திருக்கும்.

"நெஜமான நிழல் ஏன் கூண்டை விட்டு வரமாட்டேங்கறது?" குருக்கள் எவரையும் கேட்கவில்லை, மைக் காதில் இருந்தமையால் எல்லாரையும் கேட்டார். கோபுர வாசலில் மற்றப் பசுக்களோடு நின்ற நாச்சாத்தாள்தான் விடை சொன்னார். கோசாலையின் பொறுப்பு அவருடையது.

"எப்படிங்க சாமி வரும்? காலையில மாடு எப்படி நின்னுச்சுன்னு நெனைக்கறீங்க?"

கூட்டம் அமைதியாகிவிட்டதால் அவர் சொல் மேலே எட்டிற்று.

"ஊசி போட்டியா, ஆத்தா?"

"போட்டேனுங்க. பழைய ஊசிதான். ராத்திரியெல்லாம் எந்திரிக்கவே இல்லை. மாத்து மருந்து நிதானமாத்தான் புடிக்கும். ஏழு மணிக்கு நிக்கோணும், நிக்கலேன்னா அபசகுனம்னு நீங்கதானுங்க சொல்லியுட்டீங்க. இன்னைக்கு மட்டுமில்லீங்க. ஒவ்வொரு வெள்ளிக்கும் அதேதான். ஆருக்குத் தெரியாது?"

குருக்கள் கும்பத்தைச் சாரப் பலகையின் மேல் இறக்கி வைத்தார். வைக்கும்போது செம்பு மரத்தில் உராய்ந்த ஓசைகூட ஒலிபெருக்கியில் கேட்டது.

"ஆமாம்," என்றார். "எனக்குத் தெரியும்."

அந்தச் சொல் பேருந்து நிலையத்துக்கும், கடைவீதிக்கும், மலைக்கும், கூண்டுக்கும் போயிற்று. எங்கள் ஒவ்வொருவர் தொண்டையிலும் அதே சொல் இருந்தது. ஒருவரும் அதை வெளியே விடவில்லை.

அவ்வேளையில்தான் நிழல் கூண்டை விட்டு வெளியே வந்தது. உண்மை சொல்லப்பட்டதனால் வந்தது என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஆசைதான். பறவையின் நிழலைக்கூட எங்கள் வாய்ச்சொல்லின் பெருமையாக ஆக்கிக்கொள்ளும் அந்த ஆசையும் நாணத்தக்கதே. மேலே சிறகுகள் ஓய்ந்துகொண்டிருந்தன. கீழே இருந்தது இனியும் பொறுக்க மாட்டாமல் புறப்பட்டது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அது தெருவழியே வந்தது. வாழைமரத் தோரணங்களின் கீழே, செருப்புக் குவியல்களின் மேலாக, கோலங்களைக் கலைக்காமல், நடக்கப் பழகாத பறவை நடப்பதுபோல் இடவலமாக அசைந்து வந்தது. தேருக்கு வழிவிடுவதுபோல் சுவரோடு சுவராக ஒட்டி நின்றோம். சிலர் விழுந்து வணங்கினர். நிழல் அவர்களைச் சுற்றிக்கொண்டு, மலைப்படிகளை நோக்கித் திரும்பியது.

அதன் பின்னாலேயே கமலவேணி ஓடி வந்தார். குருக்கள் சொன்னதை ஒலிபெருக்கியிலும், பசு செத்ததை வழியிலும் கேட்டிருந்தார்; செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"காலையில செத்த மாடு எங்கே?"

அருகில் நின்ற ஒருவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"எங்கேன்னு கேக்கறேன்!"

"மேலதாங்க," என்றார் நாச்சாத்தாள். "படி வெச்சாச்சு."

பிறகு நடந்ததை எங்கள் ஊர்க் கோயிலில் ஒருநாளும் பாட முடியாது. நிழல் படியேறிற்று, நாங்களும் ஏறினோம். பட்டுடுத்த பெண்களும், திருநீறு பூசிய மார்புகளும், பறையைத் தோளில் தொங்கவிட்டவர்களும், சாரத்திலிருந்து இறங்கிய குருக்களும், மூச்சு வாங்க அதை முந்தப் பார்த்தோம். ஒருவர் மேல்துண்டை எறிந்து அதை மூடினார். நிழல் துண்டின் மேலாக ஏறிப் போயிற்று. ஒருவர் குறுக்கே படுத்தார். அவர் முதுகின் மேலாகப் போயிற்று. எருவைநாதா, எருவைநாதா என்று கூவினோம். காக்கச் சொல்லிக் கூவினோமா, தடுக்கச் சொல்லிக் கூவினோமா என்பது எங்களுக்கே தெளிவில்லை. வானத்துப் பாறு எங்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம் குறைத்தது, இன்னொரு வட்டம் குறைத்தது. தனக்குரியது கீழே வந்துகொண்டிருப்பதை அது கண்டுவிட்டது.

நாங்கள் பாறைத்தட்டை எட்டியபோது நிழல் பாறையின் நடுவே சிறகு விரித்துக் காத்திருந்தது. பாறு கால்களை நீட்டி இறங்கிற்று. மேலிருந்து வந்ததும் கீழிருந்ததும் ஒன்றையொன்று தொட்டன. மெல்லிய தூசி எழுந்து அடங்கிற்று. அத்தனை அழகான ஒன்றை நாங்கள் எங்கள் ஆயுளில் கண்டதில்லை. மார்பெலும்பு துருத்திய அந்தப் பறவை, மாலையும் மஞ்சளுமாகக் கிடந்த எங்கள் பசுவைப் பார்த்தது. ஓர் எட்டு வைத்தது. மற்றோர் எட்டு வைத்தது. கழுத்தைத் தாழ்த்திற்று.

அதன் மேல் முதற்கல்லை எறிந்தவர் செங்கோடன்.

அதன் பின் எல்லாரும் எறிந்தோம். கல்லும், செருப்பும், தேங்காய் மூடியும் எறிந்தோம், பறையைக் கிழியக் கிழிய அடித்தோம், குருக்கள் பரிவட்டத்தை அவிழ்த்துச் சுழற்றி, "போ! போயிடு! தொடாதே!" என்று அழுதார். எந்தப் பறவையின் பெயரால் எங்கள் இறைவன் எழுந்தருளியிருக்கிறானோ, எந்தப் பறவைக்குச் சோறு படைப்பதே எங்கள் வழிபாடோ, பட்டினியோடு படிக்கு வந்த அதனை இலையிலிருந்து கல்லெறிந்து விரட்டினோம். வேறு வழி இல்லை. வேறு வழி இல்லாத இடத்திற்கு எங்களைக் கொண்டுவந்ததும் நாங்களே.

பாறு தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தது. மனித முகம் காணாமல் வளர்க்கப்பட்ட அது அருகே கண்ட முதல் மனித முகங்கள் எங்களுடையவை. பின் தத்தித் தத்தி, தன் நிழலோடு, தட்டின் மறுகோடியிலிருந்த பாறைக்கு மேல் ஏறி நின்றது. ஒரு வாய்கூடத் தொடவில்லை.

"சீக்கிரம் அதைக் கீழே கொண்டு போங்க," என்றார் கமலவேணி. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும், அவர் களைத்திருந்தார். "ஆழமாத் தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும். நாய்கூட நெருங்கக் கூடாது."

செங்கோடன் முன்னங்காலைப் பிடித்தார். குருக்கள் கொம்பைப் பிடித்தார். நாச்சாத்தாள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு வாலைப் பிடித்தார். மற்றவர்கள் கயிற்றையும் மாலையையும் கைக்குக் கிடைத்ததையும் பிடித்தோம். பறை முழங்கச் சுமந்து வந்ததைப் பறையின்றி இழுத்தோம். படிகளில் அதன் தலை இடித்தது. ஒவ்வோர் இடிக்கும் ஒருவர் "மெதுவா, மெதுவா," என்றார். இறந்த பசுவுக்கு வலிக்குமோ என்று அப்போதும் எங்களுக்கு அன்பு இருந்தது.

சில படிகள்தான் இறங்கியிருப்போம். மேலே கமலவேணி தம் தோட்பையைத் திறந்து, வேறோர் ஊரின் ஆட்டிறைச்சியைப் பாறையில் பரப்பிவிட்டு, பாறையிடுக்கில் மறைந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாராம். சிறகடிக்கும் ஓசை கேட்டது. இன்னும் இரண்டு படி இறங்கினோம். பிறகு, சத்தம் போடக் கூடாது என்று பிறருக்கு விதித்தவரே அடக்க மாட்டாமல் கத்தினார்:

"திங்குது! நாச்சாத்தா, திங்குது!"

நாச்சாத்தாள் அழுதார். செங்கோடன் முன்னங்காலை விடவில்லை. இரண்டு குடமுழுக்குக் காலம் நாங்கள் காத்திருந்தது எங்கள் முதுகுக்குப் பின்னே சில படிகளுக்கு அப்பால் நடந்துகொண்டிருந்தது; ஒருமுறை தலையைத் திருப்பினால் போதும், கண்ணாரக் கண்டிருக்கலாம். ஒருவரும் திரும்பவில்லை. குனிந்தபடியே பசுவை அடுத்த படிக்கு இறக்கினோம்.